வேலை ஒன்று, கூலி ஊருக்கு ஒன்று

இரண்டு விவசாயிகள் சந்தித்துக்கொண்டால் முதலில் மழையைப் பற்றிப் பேசுவார்கள். அடுத்தபடியாக ஆள் கூலியைப் பற்றிப் பேசுவார்கள். "எங்கள் பக்கம் நடவுக்கு ஆளே கிடைப்பதில்லை. கிடைத்தாலும் கேட்கிற கூலியைக் கொடுத்தால் கட்டுபடியாகாது" என்பார் ஒருவர். "உங்கள் ஊர் எவ்வளவோ தேவலை, எங்கள் ஊருக்கு வந்து பாருங்கள்" என்பார் மற்றவர். இருவர் சொல்வதும் உண்மைதான். நாற்று முடி ஒன்றுதான், வயலில் குனிந்து நடும் முறையும் ஒன்றுதான். ஆனால் அந்த ஒரே வேலைக்கு ஊருக்கு ஊர், மாவட்டத்துக்கு மாவட்டம், மாநிலத்துக்கு மாநிலம் கூலி மாறுகிறது.

இந்த வேற்றுமை ஏன் வருகிறது, அது சிறு விவசாயியை எந்த வகையில் தொடுகிறது, இதில் குறை யார் மேல் இருக்கிறது என்பதை நிதானமாக எண்ணிப் பார்ப்பது நல்லது. ஏனெனில், கூலி உயர்வுக்கு ஆட்களைக் குறை சொல்வதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. சரியான இடத்தில் கேட்கவேண்டிய கேள்வி கேட்கப்படாமலே போகிறது.

கணக்கு சொல்வது என்ன?

நாட்டில் பல மாநிலங்களில் மாதிரிக் கிராமங்களைத் தேர்ந்தெடுத்து, உழவு, விதைப்பு, நடவு, களை, அறுவடை, கட்டட வேலை, தச்சு வேலை என்று தொழில்வாரியாக மாதந்தோறும் கூலி விவரம் திரட்டப்படுகிறது. மத்திய அரசின் தொழிலாளர் பணியகம் இதை வெளியிடுகிறது. இதன் ஆண்டுச் சராசரியை ரிசர்வ் வங்கி மாநிலவாரியாகத் தொகுத்துத் தருகிறது.

2022-23ஆம் ஆண்டுக்கான தொகுப்பின்படி, பொது விவசாய வேலை செய்யும் ஆண் ஒருவரின் சராசரி நாள் கூலி கேரளத்தில் ரூ. 764. தமிழ்நாட்டில் ரூ. 470. நாடு முழுமைக்கும் சராசரி ரூ. 346. குஜராத்தில் ரூ. 242. மத்தியப் பிரதேசத்தில் ரூ. 229. அதாவது, மண்வெட்டி பிடிக்கும் அதே வேலைக்கு மத்தியப் பிரதேசத்தில் கிடைப்பதைப் போல் இரண்டு மடங்கு தமிழ்நாட்டிலும், மூன்றே கால் மடங்குக்கு மேல் கேரளத்திலும் கிடைத்தது.

இது விவசாயத்துக்கு மட்டும் உரிய வேற்றுமை அல்ல. அதே ஆண்டில் கிராமப்புறக் கட்டடத் தொழிலாளியின் சராசரி நாள் கூலி கேரளத்தில் ரூ. 852, தமிழ்நாட்டில் ரூ. 501, மத்தியப் பிரதேசத்தில் ரூ. 279. வேலை மாறினாலும் மாநிலங்களின் வரிசை மாறவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். கூலியை நிர்ணயிப்பது வேலையின் தன்மை மட்டும் அல்ல, அந்த வேலை எந்த ஊரில் நடக்கிறது என்பதும்தான் என்பது இதிலிருந்து விளங்கும்.

நெல்லால் அளந்து பார்த்தால்

தஞ்சைத் தரணியில் நெடுங்காலம் கூலியை நெல்லாகவே அளந்தார்கள். அந்தப் பழைய அளவை இன்றும் கணக்குப் பார்க்க உதவும். ஒரு நாள் கூலி கொடுக்க ஒரு விவசாயி எத்தனை கிலோ நெல்லை விற்கவேண்டும் என்று பார்ப்போம்.

2022-23இல் சாதாரண ரக நெல்லுக்கு மத்திய அரசு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு ரூ. 2,040. இது நாடு முழுவதற்கும் ஒரே விலை. இந்த விலையில் ஓர் ஆள் கூலிக்கு மத்தியப் பிரதேச விவசாயி சுமார் 11 கிலோ நெல் விற்றால் போதும். தமிழ்நாட்டு விவசாயி 23 கிலோ விற்கவேண்டும். கேரள விவசாயி 37 கிலோவுக்கு மேல் விற்கவேண்டும்.

தமிழ்நாடு அரசு அந்த ஆண்டு சாதாரண ரகத்துக்கு குவிண்டாலுக்கு ரூ. 75 ஊக்கத்தொகை சேர்த்து ரூ. 2,115 கொடுத்தது. கேரள அரசு தன் பங்கைச் சேர்த்து கிலோவுக்கு ரூ. 28.20 கொடுத்தது. இவற்றைக் கணக்கில் சேர்த்தாலும் ஓர் ஆள் கூலி தமிழ்நாட்டில் 22 கிலோ, கேரளத்தில் 27 கிலோ நெல்லுக்குச் சமம்.

நாற்றங்கால் முதல் களம் வரை ஓர் ஏக்கருக்கு 40 ஆள் தேவைப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். எல்லா ஆட்களுக்கும் மேலே சொன்ன ஆண் கூலியையே கொண்டால், கூலிக்காக மட்டும் மத்தியப் பிரதேசத்தில் 60 கிலோ மூட்டையில் ஏழரை மூட்டை போகும். தமிழ்நாட்டில் 15 மூட்டை போகும். கேரளத்தில் மாநில அரசு கூட்டிக் கொடுத்த விலையிலும் 18 மூட்டை போகும். கூட்டிக் கொடுக்காவிட்டால் 25 மூட்டை. பெண்களுக்குக் கூலி குறைவாகக் கொடுக்கப்படுவதால் நடைமுறையில் இந்தக் கணக்கு சற்றுக் குறையும். ஆனாலும் மாநிலங்களுக்கு இடையே உள்ள இடைவெளி அப்படியேதான் இருக்கும்.

வேற்றுமைக்குக் காரணம் என்ன?

தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடி மட்டமாவது போல, கூலி குறைந்த ஊரிலிருந்து கூடிய ஊருக்கு ஆட்கள் போய், கூலியும் சமமாகிவிட வேண்டும் அல்லவா என்று கேட்கலாம். ஓரளவு அப்படி நடக்கத்தான் செய்கிறது. முன்பு தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் ஏராளமாகக் கேரளத்துக்குப் போய் வேலை செய்தார்கள். பின்னர் வங்காளம், அசாம், ஒரிசாப் பக்கத்து ஆட்கள் அங்கே வந்தார்கள். பாலக்காட்டு வயல்களில் வங்காளத் தொழிலாளர்கள் நாற்று நடுகிறார்கள். அண்மை ஆண்டுகளில் காவிரிப் படுகையிலும் அவர்கள் குழுக்குழுவாக வந்து ஏக்கர் கணக்கில் பேசி நட்டுக் கொடுக்கிறார்கள்.

ஆனால் மனிதர் தண்ணீரைப் போல் ஓடிவிட முடியாது. வீடு, வாசல், வயதான பெற்றோர், பிள்ளைகளின் படிப்பு, வாங்கிய கடன், தெரியாத மொழி ஆகிய எல்லாம் காலைக் கட்டுகின்றன. குடும்பப் பெண்கள் ஊரை விட்டுப் போவது இன்னும் கடினம். ஆகவே கூலி முழுவதும் சமமாவது இல்லை.

முதற் காரணம், விவசாயத்தை விட்டால் வேறு வேலை உண்டா என்பதே. திருப்பூர் பனியன் தொழிலும், கோவை ஆலைகளும், ஈரோட்டு விசைத்தறிகளும், நாமக்கல் கோழிப் பண்ணைகளும் உள்ள பகுதியில் ஓர் ஆளைக் கிணற்றுத் தோட்டத்துக்கு அழைக்கவேண்டுமானால், அந்த இடங்களில் கிடைக்கும் கூலியை ஒட்டித்தான் விவசாயி பேசமுடியும். வேறு தொழில் இல்லாத வட்டாரத்தில் ஆட்களுக்குப் போக்கிடம் இல்லை. கிடைத்ததை வாங்கிக்கொள்கிறார்கள். தமிழ்நாட்டில் 2022-23இல் விவசாயக் கூலிக்கும் கட்டடக் கூலிக்கும் சராசரியில் சுமார் 30 ரூபாய்தான் வேற்றுமை. இருந்தும் இளைஞர்கள் கட்டட வேலைக்குப் போகிறார்கள் என்றால், அங்கே ஆண்டில் அதிக நாட்கள் வேலை கிடைக்கிறது என்பதுதான் காரணம். ஒரு நாள் கூலி வேறு, ஓர் ஆண்டு வருமானம் வேறு என்பதை மறக்கக்கூடாது.

இரண்டாவது காரணம் பருவம். மேட்டூர் அணையை ஜூன் 12 அன்று திறப்பது வழக்கம். 2022இல் மே 24 அன்றே திறந்தார்கள். 2024இல் ஜூலை 28 அன்றுதான் திறக்க முடிந்தது. தண்ணீர் முன்பின்னாக வரும்போதும், வந்த தண்ணீர் ஒரே சமயத்தில் எல்லா வாய்க்காலிலும் பாயும்போதும், எல்லோருக்கும் ஒரே வாரத்தில் ஆள் வேண்டியிருக்கிறது. அந்த வாரத்தில் கூலி ஏறுகிறது. அடுத்த மாதம் அதே ஆட்கள் வேலையின்றி இருக்கிறார்கள். கிணற்றுப் பாசனப் பகுதியில் வேலை ஆண்டு முழுவதும் பரவியிருப்பதால் இந்த ஏற்ற இறக்கம் குறைவு.

மூன்றாவது காரணம், பேரம் பேசும் வலிமை. கேரளத்தில் நிலச்சீர்திருத்தம் 1970 முதல் தீவிரமாக நடைமுறைக்கு வந்தது. 1974இல் விவசாயத் தொழிலாளர் சட்டம் நிறைவேறியது. சங்கங்கள் வலுவாக இருந்தன. படிப்பு பரவியிருந்தது. வளைகுடா நாடுகளுக்குப் போனவர்கள் அனுப்பிய பணம் வந்தது. வீடு கட்டும் வேலை பெருகியது. இவை எல்லாம் சேர்ந்துதான் அங்கே கூலியை உயர்த்தின. கையில் குழியளவு மனை இருப்பவரும், எழுதப் படிக்கத் தெரிந்தவரும், கடன் இல்லாதவரும் குறைந்த கூலிக்கு இணங்கமாட்டார்கள்.

நான்காவது காரணம் வழக்கம். ஒரு வட்டாரத்தில் ஆண்டைக்கும் பண்ணையாளுக்கும் இருந்த பழைய உறவு, சாதி, முன்பணம் ஆகியவை கூலியை நீண்ட நாள் அழுத்தி வைத்திருந்தன. கீழத்தஞ்சையில் இதற்காக நடந்த போராட்டங்களை அறியாதவர் இல்லை. 1952இல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஆயினும் கூலி நெல்லில் அரைப்படி உயர்த்திக் கேட்ட தகராறு முற்றி, 1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிந்து மாண்டார்கள். அதன் பிறகுதான், 1969இல், தமிழ்நாடு விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் பிறந்தது. கூலி என்பது வெறும் கணக்கு அல்ல, மனிதரின் மானத்தோடு சேர்ந்தது என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று வேண்டியதில்லை.

ஒப்பிடும்போது கவனிக்க வேண்டியவை

பக்கத்து ஊரில் கூலி குறைவு என்று கேள்விப்பட்டதும் ஏங்கவேண்டியதில்லை. வேலை நேரத்தையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். ஓர் ஊரில் காலை 8 மணி முதல் 1 மணி வரை வேலை, கூலி ரூ. 300 என்று கொள்வோம். இன்னோர் ஊரில் காலை 8 மணி முதல் மாலை 4 மணி வரை, இடையில் ஒரு மணி ஓய்வு, கூலி ரூ. 400. முதல் ஊரில் மணிக்கு 60 ரூபாய். இரண்டாவது ஊரில் மணிக்கு 57 ரூபாய். கூலி கூடுதல் என்று பேர்பெற்ற ஊரில்தான் வேலை மலிவாக முடிகிறது.

காப்பி, சாப்பாடு, ஆட்களை ஏற்றிவரும் வண்டி வாடகை ஆகியவற்றையும் கணக்கில் சேர்க்கவேண்டும். ஏக்கருக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பேசிவிட்டால் வேலை விரைவில் முடியும். ஆனால் குத்துக்குக் குத்து இடைவெளி தாறுமாறாகிப் பயிர் எண்ணிக்கை குறைந்தால், கூலியில் மிச்சமானது அறுவடையில் போய்விடும். பேசும்போதே சதுர மீட்டருக்கு எத்தனை குத்து என்பதையும் பேசிக்கொள்வது நல்லது.

பெண்களின் கூலி தனிக் கவனத்துக்கு உரியது. நெல்லில் நடவும் களையும் பெரும்பாலும் பெண்கள் கையில்தான் இருக்கின்றன. அறுவடையில் ஆணும் பெண்ணும் ஒரே வயலில் ஒரே அரிவாளால் அறுக்கிறார்கள். மாலையில் வாங்கும் கூலி மட்டும் வேறாக இருக்கிறது. ஒரே வேலைக்கு ஒரே ஊதியம் என்று 1976ஆம் ஆண்டே சட்டம் சொன்னது. 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பும் அதையே சொல்கிறது. ஊருக்கு ஊர் உள்ள வேற்றுமைக்காவது காரணம் காட்டலாம். ஒரே வரப்பின் இருபுறமும் உள்ள இந்த வேற்றுமைக்குப் பழக்கத்தைத் தவிர வேறு காரணம் காட்டமுடியாது.

நூறு நாள் வேலைதான் காரணமா?

கூலி ஏறியதற்கும் ஆள் கிடைக்காததற்கும் நூறு நாள் வேலைதான் காரணம் என்று பல விவசாயிகள் சொன்னார்கள். 2005இல் சட்டமாகி, 2006 பிப்ரவரியில் 200 மாவட்டங்களில் தொடங்கி, 2008 முதல் நாடெங்கும் பரவிய திட்டம் அது. அதிலும் மாநிலத்துக்கு மாநிலம் கூலி வேறு. 2022-23இல் அறிவிக்கப்பட்ட நாள் கூலி கேரளத்தில் ரூ. 311, தமிழ்நாட்டில் ரூ. 281, மத்தியப் பிரதேசத்தில் ரூ. 204.

அதே ஆண்டில் தமிழ்நாட்டில் ஆண் விவசாயக் கூலி ரூ. 470 ஆக இருந்தது. 470 ரூபாயை விட்டுவிட்டு 281 ரூபாய்க்கு யாரும் போகமாட்டார்கள். அதுவும் வேலையை அளந்து கொடுத்தபோது அறிவித்த தொகை முழுவதும் பல இடங்களில் கைக்கு வரவில்லை. ஆகவே ஆண்கள் குறைந்ததற்கு அந்தத் திட்டம் பெரிய காரணம் அல்ல. பெண்கள் விஷயம் வேறு. தமிழ்நாட்டில் அந்த வேலைக்குப் போனவர்களில் ஐந்தில் நான்கு பேருக்கு மேல் பெண்கள். அங்கே ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி. வயலில் தங்களுக்குக் கிடைத்த கூலி அதற்குக் கிட்டத்தட்ட இருந்ததால் பெண்கள் அதை விரும்பியதில் வியப்பில்லை. பெண்களுக்கு வயலில் நியாயமான கூலி கொடுத்த இடங்களில் இந்தக் குறை அவ்வளவாக எழவில்லை.

சிறு விவசாயி எந்தப் பக்கம்?

கூலியைப் பற்றிய பேச்சில் ஒரு பெரிய உண்மை மறைந்துவிடுகிறது. 2015-16 விவசாயக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நில உடைமையாளர்களில் நூற்றுக்கு 93 பேர் ஐந்து ஏக்கருக்கு உட்பட்ட சிறு, குறு விவசாயிகள். இவர்களில் பெரும்பாலோர் கூலி கொடுப்பவர்களாகவும் இருக்கிறார்கள், கூலி வாங்குபவர்களாகவும் இருக்கிறார்கள்.

ஒன்றரை ஏக்கர் வைத்திருக்கும் குடும்பம் ஒன்று ஆண்டில் 50 வெளியாள் வைக்கிறது என்று கொள்வோம். அந்த வீட்டில் இருவர் சேர்ந்து ஆண்டில் 120 நாள் வெளியே கூலி வேலைக்குப் போகிறார்கள். நாள் கூலி 50 ரூபாய் உயர்ந்தால் அந்தக் குடும்பத்துக்குச் செலவு ரூ. 2,500 கூடுகிறது; வரவு ரூ. 6,000 கூடுகிறது. கூலி உயர்ந்ததால் அந்தக் குடும்பத்துக்கு லாபமே ஒழிய நஷ்டம் இல்லை. பத்து ஏக்கர்காரரின் கணக்கு வேறு. அவர் புலம்புவதைக் கேட்டு ஒன்றரை ஏக்கர்காரரும் சேர்ந்து புலம்புவது தன் கணக்கைப் பார்க்காததால்தான்.

இடையில் உள்ள இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கர் விவசாயிதான் உண்மையில் சிக்கிக்கொள்கிறார். அவருக்கு வெளியே கூலிக்குப் போக நேரம் இல்லை. ஆட்களை வைக்காமலும் முடியாது. அவருடைய குறை நியாயமானது. ஆனால் அந்தக் குறையை ஆட்களிடம் தீர்க்கமுடியாது. ஆட்கள் கேட்பது அவர்கள் பகுதியில் மற்ற வேலைகளுக்குக் கிடைக்கும் கூலியைத்தான்.

விலை மட்டும் ஏன் ஒன்று?

கேட்கவேண்டிய கேள்வி வேறு. கூலி மாநிலத்துக்கு மாநிலம் மூன்று மடங்கு மாறுகிறது. நெல்லின் ஆதரவு விலை மட்டும் நாடெங்கும் ஒன்றாக இருக்கிறது. இது எப்படிப் பொருந்தும்?

விவசாயச் செலவுகள் மற்றும் விலைகள் ஆணையம் மாநிலங்களின் சாகுபடிச் செலவைச் சேர்த்து அகில இந்தியச் சராசரி எடுக்கிறது. 2022-23 பருவத்துக்கு நெல் உற்பத்திச் செலவு குவிண்டாலுக்கு ரூ. 1,360 என்று கொண்டு, அதைப் போல் ஒன்றரை மடங்காக ரூ. 2,040 அறிவித்தார்கள். 2025-26க்குச் செலவு ரூ. 1,579, விலை ரூ. 2,369. இந்தச் செலவில் கைப்பணமும் குடும்ப உழைப்பின் மதிப்பும் அடங்கும். சொந்த நிலத்தின் வாரமும், போட்ட முதலுக்கு வட்டியும் அடங்கா. சராசரிக்குக் கீழே கூலி உள்ள மாநிலத்தில் இந்த விலை லாபம் தரும். சராசரிக்கு மேலே உள்ள மாநிலத்தில் 'ஒன்றரை மடங்கு' என்பது காகிதத்தில்தான் இருக்கும்.

மாநில அரசுகள் ஊக்கத்தொகை கூட்டித் தருவது இதைச் சரிக்கட்டத்தான். தமிழ்நாட்டில் 2025-26 பருவத்துக்குச் சாதாரண ரகத்துக்கு ரூ. 131, சன்ன ரகத்துக்கு ரூ. 156 கூட்டி முறையே ரூ. 2,500, ரூ. 2,545 என்று அறிவித்தார்கள். வரவேற்கத்தக்கதுதான். ஆனால் எந்த மாநிலம் எவ்வளவு கூட்டுகிறது என்பது அந்தந்த அரசின் விருப்பத்தையும் கஜானாவையும் பொறுத்தது. அதில் கூலிக் கணக்கு இல்லை. கூலி அதிகமுள்ள மாநிலம் என்று சொல்லமுடியாத சத்தீஸ்கர் 2023-24இல் குவிண்டாலுக்கு ரூ. 3,100 என்ற கணக்கில் கொடுத்தது. ஊக்கத்தொகையை அந்தந்த மாநிலத்தின் உண்மையான ஆள் கூலியோடு இணைத்து ஆண்டுதோறும் நிர்ணயிக்கவேண்டும் என்று விவசாயிகள் சங்கங்கள் கேட்பதில் தவறில்லை. கூலி விவரம் மாதந்தோறும் அரசாங்கத்திடமே இருக்கிறது. அதை மாவட்டவாரியாகத் திரட்டித் தமிழில் வெளியிட்டால் கேட்பவருக்கும் கொடுப்பவருக்கும் வசதி.

இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கேரளம் ஒரு பாடம். 1970களின் நடுவில் அங்கே எட்டரை லட்சம் ஹெக்டேருக்கு மேல் நெல் விளைந்தது. இன்று சுமார் இரண்டு லட்சம் ஹெக்டேரில்தான் விளைகிறது. ரப்பரும் தென்னையும் மனை விலையும் இதற்குக் காரணம் என்றாலும், கூலிக்கும் விலைக்கும் பொருந்தாமற் போனது ஒரு முக்கியக் காரணம். நெல் வயலைக் காக்க 2008இல் அங்கே தனிச் சட்டமே போடவேண்டியிருந்தது. வயல் தூர்ந்த பிறகு போடும் சட்டத்தைவிட, வயல் விளையும்போது கொடுக்கும் விலை மேல்.

விவசாயிகள் செய்யக்கூடியவை

விலையை அரசு சரிசெய்யும் வரை கைகட்டி இருக்கமுடியாது. கூலியைக் குறைக்கப் பார்ப்பதைவிட, ஆள் தேவையைக் குறைப்பதும், தேவையைப் பரவலாக்குவதும், கொடுத்த கூலிக்கு முழுப் பயன் பெறுவதுமே சரியான வழி.

முதலாவதாக, எல்லா நிலத்தையும் ஒரே வாரத்தில் நடாமல் ரகத்தைப் பிரித்துக்கொள்ளலாம். தண்ணீர் வசதியைப் பார்த்து ஒரு பகுதியில் சி.ஆர். 1009 போன்ற நீண்ட கால ரகமும், பிந்தி நடும் பகுதியில் கோ 51 போன்ற 105 முதல் 110 நாள் ரகமும் போட்டால் நடவும் அறுவடையும் விலகி வரும். வீட்டு ஆட்களைக் கொண்டே பாதி வேலை முடியும்.

இரண்டாவதாக, ஆளுக்கு ஆள் மாற்றிக்கொள்ளும் பழைய வழக்கத்தைப் புதுப்பிக்கலாம். இன்று உங்கள் வயல், நாளை எங்கள் வயல் என்று நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்துகொண்டால் கைப்பணம் மிச்சமாகும்.

மூன்றாவதாக, நிலத்துக்கு ஏற்றபடி நேரடி விதைப்பு, உருளை விதைப்பான், இயந்திர நடவு ஆகியவற்றைக் கடைப்பிடிக்கலாம். இயந்திர நடவுக்குப் பாய் நாற்றங்காலில் 15 நாள் நாற்று போதும். செம்மை நெல் முறையில் 25 செ.மீ. சதுர நடவு செய்தால், ஏக்கருக்கு 3 கிலோ விதை போதும். கோனோ களைக்கருவியைப் பத்து நாளைக்கு ஒருமுறை உருட்டினால், களை எடுக்கும் ஆள் பாதிக்கு மேல் குறையும். நேரடி விதைப்பில் களைதான் முதல் எதிரி. முதல் மாதக் களைக் கட்டுப்பாட்டுக்கு வழி செய்யாமல் அதில் இறங்கக்கூடாது.

நான்காவதாக, இயந்திரத்தைத் தனித்தனியே தேடி அலையாமல் குழுவாகப் பேசவேண்டும். அறுவடை இயந்திர வாடகையும் கூலியைப் போலவே ஊருக்கு ஊர், வாரத்துக்கு வாரம் மாறுகிறது. ஈர வயலுக்கு வேண்டிய செயின் வண்டிக்கு வாடகை அதிகம். நடுவில் தரகரும் உண்டு. 20 ஏக்கரைச் சேர்த்து ஒரே வண்டியைப் பேசினால் வாடகை குறையும். வேளாண்மைப் பொறியியல் துறையின் வாடகை விகிதத்தையும், மாவட்ட ஆட்சியர் கூட்டத்தில் நிர்ணயித்த வாடகையையும் முன்கூட்டியே தெரிந்து வைத்திருந்தால் பேரம் பேசத் தெம்பு வரும். கூட்டுப் பண்ணையத் திட்டத்தில் 100 பேர் கொண்ட குழுவுக்குத் தொகுப்பு நிதியாக 5 லட்சம் ரூபாய் கொடுத்து இயந்திரம் வாங்கச் செய்தார்கள். அப்படி வாங்கிய கருவிகள் யாராவது ஒருவர் கொட்டகையில் முடங்கிவிடாமல், முறை வைத்து எல்லோர் வயலுக்கும் போகும்படி பார்த்துக்கொள்வது குழுவின் பொறுப்பு.

ஐந்தாவதாக, கணக்கு எழுதவேண்டும். ஒரு பள்ளிக்கூட நோட்டில் தேதி, வேலை, ஆண், பெண், வேலை நேரம், கொடுத்த கூலி, சாப்பாட்டுச் செலவு ஆகியவற்றை எழுதினால் போதும். வீட்டு ஆட்களின் உழைப்பையும் அன்றைய கூலி விலைக்கு எழுதவேண்டும். பெரும்பாலான சிறு விவசாயிகள் தங்கள் உழைப்பையும் மனைவியின் உழைப்பையும் எழுதுவதில்லை. அதனால் நஷ்டம் லாபம் போலத் தெரிகிறது. அகில இந்தியச் சராசரியை எதிர்த்துப் பேச, ஒவ்வொரு கிராமத்திலும் இத்தகைய பத்து நோட்டுகள் இருந்தால் அதைவிட வலுவான ஆதாரம் கிடையாது.

முடிவாக ஒன்று. நடவுக்கு வரும் பெண் கேட்கும் கூலியும், நெல்லுக்கு விவசாயி கேட்கும் விலையும் இருவர் உழைப்புக்கும் உரிய மதிப்புதான். ஒன்றைத் தாழ்த்தி மற்றொன்றை உயர்த்த முடியாது. கூலி கூடிய ஊரில் குழந்தைகள் படிக்கின்றன, கடைத்தெரு நடக்கிறது, காய்கறியும் பாலும் விலைபோகிறது. அந்த ஊரில் நெல்லும் கட்டுபடியாகவேண்டும் என்பதுதான் கோரிக்கையாக இருக்கவேண்டும். அதற்கான கணக்கை இந்தப் பருவத்திலிருந்தே எழுதத் தொடங்கலாம்.